பழி ஓரிடம், பாவம் ஓரிடம்



போன மாசி மாதம் ஓர் இயற்கைச் சந்தையில் கடை போட்டிருந்தேன். குதிரைவாலி அரிசி, குதிரைவாலி மாவு, உளுந்து, அவ்வளவுதான் சரக்கு. ஒரு அம்மா எட்டு ஒன்பது வயசுப் பையனோடு வந்தார். மாவுப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல குளூட்டன் சுத்தமா கிடையாதுல்ல?" என்று கேட்டார். "சிறுதானியத்துல ஏதும்மா குளூட்டன்? கிடையவே கிடையாது" என்றேன். நாலடி போனவர் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டார். அப்பவும் அதையேதான் சொன்னேன். ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

நான் சொன்னது தப்பு என்று சித்திரையில்தான் தெரிந்தது. அதுவும் என் வயிறு சொல்லித்தான் தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவர் இல்லை. நோயாளி, அதோடு விதைத்து அறுத்து விற்கிறவள். அந்த இரண்டு இடத்திலும் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

பத்து வருஷ ரத்தசோகை

திருத்தங்கல் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல். மானாவாரிதான். புரட்டாசியில் குதிரைவாலியும் உளுந்தும் விதைப்போம், தை பிறந்து அறுப்போம். மற்ற நாளில் வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக்கு வெற்றுக் குழாய் உருட்டுவோம். ஒரு கால் கரிசலில், ஒரு கால் பட்டாசில் என்று எங்கள் பக்கத்தில் பல குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது. நிலத்தில் ரசாயனத்தை விட்டு ஏழெட்டு வருஷம் ஆச்சு.

எனக்குப் பத்து வருஷமாக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை தின்று தீராது. முருங்கைக்கீரை, கம்பங்கூழ், பேரீச்சை, ஒன்றும் ஒட்டவில்லை. வயிறு உப்பும். வாரத்தில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. வாயில் புண். படி ஏறினால் மூச்சு வாங்கும். போன இடத்திலெல்லாம் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். "நேரத்துக்குச் சாப்பிடும்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவர்தான் மாத்தி யோசித்தார். "இவ்வளவு இரும்புச்சத்து உள்ள போகுது, ஏன் ரத்தத்துல ஏற மாட்டேங்குது? உறிஞ்சுற இடத்துலதான் கோளாறு இருக்கணும். வீட்ல கோதுமை எவ்வளவு சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

அத்தைக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரி சப்பாத்திதான். ஒருத்தருக்குச் சோறு, ஒருத்தருக்குச் சப்பாத்தி என்று யார் இரண்டு அடுப்பு மூட்டுவது? எல்லாரும் சப்பாத்திக்கு மாறிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் எண்ணெய்ப் பரோட்டா. விருதுநகர்ப் பக்கம் பிறந்துவிட்டு பரோட்டா வேண்டாம் என்று யார் சொல்வார்?

டி.டி.ஜி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். பிறகு எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலில் சின்னச் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று முடிவானது. அப்போது கார்த்திகை மாதம்.

நோய் இதுதான். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியத்திலும் குளூட்டன் என்கிற புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்வது அதனால்தான். சிலருடைய உடம்பு அந்தப் புரதத்தை எதிரி என்று எண்ணிச் சண்டைக்குப் போகிறது. அந்தச் சண்டையில் அடிபடுவது தன் குடலேதான். சிறுகுடலின் உள்சுவரில் பயிரின் வேர்த்தூவி மாதிரி நுண்ணிய விரல்கள் இருக்கின்றன. சத்தை உறிஞ்சுவது அவைதான். அவை தேய்ந்து மொட்டையாகிவிட்டால் எத்தனை உரம் போட்டாலும் பயிர் வெளிறித்தான் நிற்கும். என் கதை அதுதான். இதற்கு மருந்து இல்லை. ஆயுசுக்கும் குளூட்டனை விடுவது ஒன்றே வழி.

நம் பக்கம் இது அபூர்வம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதியிலும் 23,331 பேரைச் சோதித்தார்கள். வடக்கில் ஆயிரத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு இந்த நோய். தெற்கில் பத்தாயிரத்துக்கு ஒருவர். அதே ஆய்வில் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமையின் அளவு வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். அபூர்வம் என்பதால்தான் நம் பக்கத்தில் யாருக்கும் சட்டென்று இந்த நோய் நினைவுக்கு வருவதில்லை. எனக்குப் பத்து வருஷம் போனதும் அதனால்தான்.

விட்ட பிறகுதான் குழப்பம்

கோதுமையை விட்டால் பத்து நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். விட்டேன். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், பன், எல்லாமே போச்சு. நாலு நாள் நன்றாக இருக்கும். ஐந்தாம் நாள் வயிறு பழையபடி கெடும். எதனால் என்று தெரியாது.

ஆளுக்கு ஒரு தீர்ப்பு சொன்னார்கள். "குதிரைவாலி உனக்குச் சேரலத்தா, விட்டுரு" என்றார் அத்தை. "தயிரை நிறுத்து" என்றார் வீட்டுக்காரர். "உளுந்து வாயு" என்றார் பக்கத்து வீட்டு மதினி. நானும் ஒவ்வொன்றாக விட்டேன். குதிரைவாலி, பால், தயிர், உளுந்து, கீரை, கத்தரிக்காய், எல்லாம் போய் மூன்று வாரத்தில் வெறும் அரிசிக் கஞ்சியில் வந்து நின்றேன். எடை 38 கிலோ. பயந்து பயந்து சாப்பாட்டை விட்டுக்கொண்டே போனால் நோயை விடப் பட்டினிதான் முதலில் ஆளைக் கொல்லும்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற தங்கச்சி ஒருத்தி என் தட்டைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திட்டினாள். "யாருங்க்கா இதையெல்லாம் விடச் சொன்னது? ஒரு நோட்டுப் போடுங்க. என்ன சாப்பிட்டீங்க, எங்க வாங்குனது, யார் சமைச்சது, எப்ப வயிறு கெட்டுச்சு, எல்லாம் எழுதுங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க."

இதை அவள் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போயிற்று. நாம் நிலத்தில் செய்வதே இதுதானே? உளுந்து இலை மஞ்சளாகிறது. தழைச்சத்துக் குறைவா, தண்ணீர் தேங்கியதா, வெள்ளை ஈ கொண்டு வந்த நோயா? எல்லாவற்றுக்கும் மஞ்சள்தான் அடையாளம். ஒரே நாளில் பஞ்சகவ்யமும் ஊற்றி, வேப்பங்கொட்டைக் கரைசலும் அடித்து, தண்ணீரும் வடித்தால் எது கேட்டது என்று எப்படித் தெரியும்? ஒரு பாத்திக்கு ஒன்றைச் செய்து, பக்கத்துப் பாத்தியை விட்டுவைத்துப் பார்க்க வேண்டும். நிலத்துக்குக் கொடுத்த பொறுமையை வயிற்றுக்குக் கொடுக்கவில்லை நான்.

கோதுமைதான் இந்த நோய்க்குக் காரணம் என்று உலகம் கண்டுபிடித்ததும் இப்படிக் கவனித்துத்தான். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-ல், அந்த நாட்டில் பெரும் பஞ்சம். ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரெல்லாம் வாடியபோது அவரிடம் இருந்த சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமை மேல் முன்பே இருந்த சந்தேகம் அவருக்கு உறுதிப்பட்டது. அளந்து, எழுதி, 1950-ல் தன் ஆய்வேட்டை வெளியிட்டார்.

நோட்டு சொன்ன கதை

அரை ரூல் நோட்டில் ஐந்து பத்தி போட்டேன். சாப்பிட்டது, வாங்கிய இடம், சமைத்த பாத்திரம், அன்று செய்த வேலை, உடம்பு. இரண்டரை மாதம் எழுதினேன். வயிறு கெடுவது ஒன்றுதான், ஆனால் காரணம் பல என்று அதில் தெரிந்தது.

முதல் காரணம் பால். ஒரு கல்யாண வீட்டில் பால்கோவா தின்ற அன்று ஒரு மணி நேரத்தில் வயிறு இரைச்சல் போட்டது. பால் குடித்த நாளெல்லாம் அப்படியே. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்தக் குடல் விரல்களின் நுனியில்தான் சுரக்கிறது. விரல் தேய்ந்து கிடக்கும்போது நொதி எங்கிருந்து வரும்? குடல் ஆறினால் பெரும்பாலும் இதுவும் சரியாகும் என்றார் மருத்துவர். கொஞ்ச நாள் பாலை நிறுத்தினேன். தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு என்பதால் மோராகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினேன். இப்போது அரை டம்ளர் பால் தாங்குகிறது.

இரண்டாவது, என் அவசரம். பத்து வருஷம் வெள்ளை அரிசியும் சப்பாத்தியும் தின்ற வயிற்றில், "சிறுதானியம்தான் இனி" என்று மூன்று வேளையும் குதிரைவாலியையும் கேழ்வரகையும் இறக்கினேன். நார்ச்சத்து ஒரே நாளில் அத்தனை ஏறினால் நல்ல வயிறே உப்பும். புண்பட்ட குடல் என்ன செய்யும்? ஒரு கைப்பிடியில் தொடங்கி வாரம் கொஞ்சமாக ஏற்றியபோது தாங்கியது.

மூன்றாவதுதான் ஒளிந்திருந்த குளூட்டன். முதலில் அகப்பட்டது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயம் இல்லை. பிசினோடு மாவும் சேர்ப்பார்கள், பலதில் அது கோதுமை மாவு. டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கும். நான் ஒருநாளும் படித்ததில்லை. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், கோயில் புளியோதரை, எல்லாவற்றிலும் அது இருக்கலாம். பிரசாதத்தை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. இப்போது வீட்டில் அரிசி மாவு கலந்த பெருங்காயம் தேடி வாங்குகிறோம், கிடைக்காவிட்டால் பெருங்காயம் இல்லாத ரசம்.

அடுத்து அகப்பட்டது நான் கனவிலும் நினைக்காதது. "அன்று செய்த வேலை" என்ற பத்தியில் குழாய் உருட்டிய நாளும் வயிறு கெட்ட நாளும் அடிக்கடி பக்கத்துப் பக்கத்தில் வந்தன. எங்கள் வீட்டில் குழாய்க்குக் காய்ச்சுவது மைதாப் பசை. பசை தோல் வழியாக உள்ளே போகாது. ஆனால் தாளைப் பிரிக்க விரலை நாக்கில் தொடுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொட்டிருப்பேன்? மரவள்ளி மாவுப் பசைக்கு மாறினோம். தாள் பிரிக்க ஈரத்துணி வைத்துக்கொண்டேன். உருட்டும்போது எதையும் கொறிப்பதில்லை.

இதெல்லாம் சரிசெய்த பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. நோட்டில் அது குதிரைவாலி என்றே விழுந்தது. அத்தை சொன்னது சரிதானோ என்று ஆகிவிட்டது. என் வீட்டுக் குதிரைவாலி, நானே விதைத்தது, ஒரு சொட்டு மருந்து படாதது. அது எனக்கு ஆகாதா? அன்று ராத்திரி அழுதேன் என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

ஒரு நாள் நோட்டை மறுபடி புரட்டியபோது கவனித்தேன். குதிரைவாலிச் சோறு தின்ற நாளில் ஒன்றும் இல்லை. குதிரைவாலித் தோசை, களி, புட்டு என்று மாவாகத் தின்ற நாளை அடுத்துத்தான் கோளாறு. தானியம் ஒன்றே, மூட்டை ஒன்றே. நடுவில் இருந்தது மில் மட்டும்தான்.

அத்தையின் திருகையைத் துடைத்துக் கழுவி, அதே மூட்டைக் குதிரைவாலியைக் கையால் அரைத்துப் பத்து நாள் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் மாவு மில்லுக்குப் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, நான் அரைக்க வர்றதுக்கு முன்னாடி என்ன அரைச்சிருப்பீங்க?"

"என்னம்மா கேள்வி இது? காலையில வர்றதுல பாதி கோதுமைதான். ரேஷன் கோதுமை, கடைக் கோதுமை, எல்லாம்தான் அரைக்கோம்."

"நடுவுல கழுவுவீங்களா?"

"மில்லைக் கழுவுனா துருப்பிடிக்கும்மா. முத கை மாவு உனக்கு, கடசிக் கை மாவு அடுத்த ஆளுக்கு. ஊருக்கே அப்படித்தான்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மறைக்கவில்லை, நாம்தான் கேட்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் சந்தையில் இரண்டு தடவை கேட்ட அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவருக்கு விற்றதும் அதே மில் மாவுதான். அதுவும் "குளூட்டன் ஃப்ரீ" என்று நானே அச்சடித்து ஒட்டிய பொட்டலம். அவர் போன் நம்பர் என்னிடம் இல்லை. அந்தச் சந்தைக்கு அதன் பிறகு நான் போன எந்த மாதத்திலும் அவர் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு வயிறு கெட்டிருந்தால் அவரும் என் அத்தையைப் போல, "குதிரைவாலி சேரல" என்றுதான் முடிவு கட்டியிருப்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒரு ஸ்பூன் கணக்கு

"துளி மாவுதானே, அதுக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஒரு டீஸ்பூன் கோதுமை மாவு இரண்டரை, மூன்று கிராம் இருக்கும். அதில் குளூட்டன் 250 முதல் 300 மில்லிகிராம். பத்துக் கிலோ குதிரைவாலி மாவில் அந்த ஒரே ஒரு டீஸ்பூன் கலந்தால் கிலோவுக்கு 25, 30 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. வரம்பு தாண்டியாச்சு. மில்லின் கல்லிடுக்கிலும் துணிப்பையிலும் ஒரு ஸ்பூனா தங்கும்? கைப்பிடி கைப்பிடியாகத் தங்கும்.

இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வில், சீலியாக் உள்ளவர்கள் தினம் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் எடுத்தபோது குடலில் சேதம் தெரிந்தது. 50 மில்லிகிராம் என்பது அரை கிராம் மைதா. சுண்டு விரல் நகத்தில் அள்ளினால் வரும்.

நமக்குள் பேச வேண்டியது

இனி என் கருத்தைச் சொல்கிறேன். சிலருக்குக் கசக்கும்.

"இயற்கை" என்ற சொல்லால் குளூட்டன் போகாது. நம் கூட்டங்களில், "வீரியக் கோதுமை வந்துதான் இந்த நோயெல்லாம் வந்தது, நாட்டுக் கோதுமை ஒன்றும் செய்யாது" என்று பேசக் கேட்டிருக்கிறேன். சம்பா கோதுமையும் கோதுமைதான். ரசாயனம் படாமல் விளைந்த சம்பா கோதுமையிலும் குளூட்டன் உண்டு. சீலியாக் உள்ள ஒருவர் நம் பேச்சை நம்பி அதைத் தின்றால், அந்தச் சேதத்துக்கு நாம்தான் பொறுப்பு. பூச்சிக்கொல்லிக் கம்பெனி பொய் சொல்கிறது என்று மேடையில் பேசுகிற நமக்கு, நம் பொட்டலத்தில் உண்மை எழுதும் கடமை இரண்டு மடங்கு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோதுமை எல்லாருக்கும் விஷம் என்று பயம் காட்டிச் சிறுதானியம் விற்பதும் தப்பு. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு அந்தப் பேச்சு கூடிவிட்டது. குதிரைவாலி நல்ல தானியம். மழை குறைந்த கரிசலில் தொண்ணூறு நாளில் வீடு வந்து சேரும். அதை விற்க அந்த நல்ல குணம் போதும், அடுத்த தானியத்தின் மேல் அவதூறு வேண்டாம். பயத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சந்தேகம் வந்ததும் மருத்துவரைப் பார்க்காமல் கோதுமையை நிறுத்திவிட்டால், பிறகு ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். கோதுமை தின்றுகொண்டிருக்கும்போதே சோதிக்க வேண்டும். தீராத ரத்தசோகை, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வளராத பிள்ளை, இவை உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். தட்டை மாற்றுவது அதற்கு அப்புறம்தான். கோதுமை தின்ற சற்று நேரத்தில் உடம்பு தடித்து மூச்சுத் திணறினால் அது வேறு, ஒவ்வாமை. நோட்டு எழுத நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நோட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. சிலருக்குக் குளூட்டன் உள்ளே போனாலும் வெளியே ஒன்றும் தெரியாது, குடல் மட்டும் கெடும். சிலருக்குச் சில மணி நேரத்தில் தெரியும், சிலருக்கு இரண்டு நாள் கழித்து. அதனால் "வயிறு கெடல, பிரச்சினை இல்ல" என்று முடிவு கட்டக் கூடாது. மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். சோதித்துப் பார்க்கிறேன் என்று வேண்டுமென்றே கோதுமை தின்று பார்க்கவும் கூடாது. நான் வைகாசியில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். டி.டி.ஜி. அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. முழுசாக ஆற இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆகலாம் என்கிறார்கள். எடை இப்போது 44 கிலோ.

உழவர்களாகிய நாம் செய்யக்கூடியவை கொஞ்சம்தான், ஆனால் நம்மால் மட்டுமே முடிந்தவை. கோதுமை வந்த சாக்கில் சிறுதானியம் பிடிக்க வேண்டாம். குளூட்டன் ஆகாது என்று யாராவது கேட்டால் மாவைக் கொடுக்காமல் முழு அரிசியைக் கொடுங்கள். பொறுக்கி, புடைத்து, கழுவி, வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் சோதிக்காத பொட்டலத்தில் "குளூட்டன் ஃப்ரீ" என்று ஒட்டாதீர்கள். "கோதுமையும் அரைக்கும் மில்லில் அரைத்தது" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி விற்பனையைக் கொஞ்சம் குறைக்கும். பரவாயில்லை.

பெரிய வேலை ஒன்றும் இருக்கிறது. உழவர் குழுக்களும் உற்பத்தியாளர் கம்பெனிகளும் எத்தனையோ இயந்திரம் வாங்குகின்றன. ஒரு வட்டாரத்துக்கு ஒன்றாவது, கோதுமையே ஏறாத அரவை மில் வேண்டும். வாசலில், "இங்கே கோதுமை, பார்லி அரைப்பதில்லை" என்று எழுதிப் போட்டால் போதும். சத்துமாவுக்கு வறுத்துக் கொண்டுவரும் கலவையில் கோதுமை கிடக்கும், அதையும் திருப்பி அனுப்ப வேண்டும். ஆயிரம் பேருக்கு இது தேவைப்படாது. தேவைப்படுகிற ஒருவருக்கு அந்த மில்தான் மருந்துக்கடை.

என்னளவில் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். மிச்சம் இருந்த ஸ்டிக்கர் கட்டை அடுப்பில் போட்டேன். இப்போது மாவு விற்பதில்லை, அரிசி மட்டும்தான். மில்லுக்கார அண்ணாச்சியிடம் நோட்டைக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு பழைய சின்ன மில் ஒன்று மூலையில் கிடக்கிறது என்றார். "கல்லு மாத்தி, பை மாத்தித் தாரேன். அதுல சோளம், கம்பு, உங்க குதிரைவாலி, இது மட்டும் ஓட்டுவோம். ஆனா கூட நாலு பேரைக் கூட்டிட்டு வா. உன் ஒருத்திக்குக் கரண்டுக்காசு கட்டாது" என்றார். இதுவரை இரண்டு பேர் சேர்ந்திருக்கிறோம். இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஒரு கிலோ குதிரைவாலி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கிறேன். அந்த அம்மா வந்தால் கொடுக்க வேண்டும். நான் அன்று சொன்னது தப்பும்மா, தானியத்து மேல குத்தமில்ல என்று சொல்ல வேண்டும்.